பீமாரிஸ்தான்களில் அனுபவமும் பதிவும்

கி.பி. 931இல் (ஹி. 319) பக்தாதில் மருத்துவர் ஒருவரின் தவறான சிகிச்சையால் ஒரு மனிதர் உயிரிழந்தார். செய்தி கலீபா அல்முக்ததிரை எட்டியது. ஸினான் இப்னு ஸாபித் சோதித்துச் சான்றளிக்காத எவரும் இனி மருத்துவம் பார்க்கலாகாது என அவர் கட்டளையிட்டார். சோதனைக்கு வந்தோர் 860க்கும் மேற்பட்டவர்கள். நம்மவர் எழுதும் வரலாறுகளில் பெருமிதத்தோடு இடம்பெறும் நிகழ்ச்சி இது. எனினும் அச்சோதனை மருத்துவரின் தகுதியையே அளந்தது. தகுதி பெற்றவர் கைக்கொண்ட சிகிச்சை முறை சரிதானா என்பதை அளக்கவில்லை. அந்த வினாவை அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே எழுப்பியிருந்தவர் அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸீ.

ரை நகரில் பிறந்த அவர் (865–925) அந்நகரிலும் பக்தாதிலும் பீமாரிஸ்தான்களுக்குத் தலைமை வகித்தார். அவரது அவையில் மாணவர்கள் வட்டம் வட்டமாக அமர்ந்திருப்பர். வரும் நோயாளி முதலில் வெளிவட்டத்தாரிடம் தம் நோயைச் சொல்வார். அவர்களால் இயலாதபோது அடுத்த வட்டத்தாரிடம் செல்வார். இறுதியிலேயே ராஸீ வாய் திறப்பார் என்று இப்னு அந்நதீம் எழுதியுள்ளார்.

ராஸீ இத்தோடு நிற்கவில்லை. கண்டதை எழுதியும் வைத்தார். ஜாலீனூஸ் என அரபியர் அழைத்த கிரேக்க மருத்துவர் கேலனின் சொல் அன்று மருத்துவ உலகில் மறுக்கப்படாத சான்றாக இருந்தது. அவர் மீதான ஐயங்களைத் தொகுத்து ராஸீ ஒரு தனி நூலே இயற்றினார். காய்ச்சல்கள் பற்றிக் கேலன் வகுத்த போக்கிலிருந்து தம் மருத்துவமனை நோயாளிகள் பலர் விலகியிருந்ததை அதில் ஒரு சான்றாக முன்வைத்தார்.

மற்றொரு குறிப்பு இன்னும் வியப்புக்குரியது. 'ஸிர்ஸாம்' எனப்பட்ட மூளையுறை அழற்சியின் முன்னறிகுறிகள் தென்பட்டோருள் ஒரு சாராருக்கு இரத்தம் வெளியேற்றும் சிகிச்சையை அளித்தார். மற்றொரு சாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டார். ஒரு முடிவை எட்டுவதே தம் நோக்கம் என்கிறார். விடப்பட்டோர் அனைவரும் நோய்க்கு உள்ளாயினர் என்பது அவரது பதிவு. இன்றைய மருத்துவம் இந்நோய்க்கு இரத்தம் வெளியேற்றுவதை ஏற்பதில்லை. எத்தனை பேர், எந்த அடிப்படையில் பிரிக்கப்பட்டனர் என்பதையும் அக்குறிப்பு சொல்லவில்லை. விடப்பட்டவர்களின் நிலையை எண்ணும்போது மனம் சற்று உறுத்தவே செய்கிறது. ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு சிகிச்சையின் பயனை அறிய இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அவரது மறைவுக்குப் பின் இக்குறிப்புகளுக்கு நேர்ந்தது என்ன? புவைஹி அமைச்சர் இப்னுல் அமீத் அவற்றை ராஸீயின் சகோதரியிடமிருந்து பெற்று, மாணவர்களைக் கொண்டு தொகுப்பித்தார். அதுவே 'அல்ஹாவீ'. முன்னோரின் மேற்கோள்களும் ராஸீயின் சொந்த அனுபவங்களும் நிறைந்த அப்பெருநூலைப் படியெடுப்பதற்கே பெருஞ்செல்வம் தேவைப்பட்டது. அதே நூற்றாண்டில் வாழ்ந்த அலீ இப்னுல் அப்பாஸ் அல்மஜூஸீ, அதன் முழுப்பிரதி இருவரிடம் மட்டுமே இருப்பதாகத் தாம் அறிவதாகக் குறைபட்டார். நூலின் ஒழுங்கின்மையையும் சாடினார். ஒரு வாழ்நாளின் அனுபவம் பதிவாகியும், அது தேவைப்பட்ட மருத்துவரின் கைக்கு எட்டவில்லை. அல்மஜூஸீ தம் நூலைச் செறிவாகவும் வரிசையாகவும் அமைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். மாணவர்கள் மருத்துவமனையை விட்டகலாது, நோயாளிகளின் நிலையை ஓயாது விசாரித்து, படித்ததோடு அதனை ஒப்பிட வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார்.

இந்த ஒப்பீடு அன்றாட ஒழுங்காகவே நிலைபெற்ற ஓரிடத்தை இப்னு அபீ உஸைபிஆ வருணிக்கிறார். 12ஆம் நூற்றாண்டின் நடுவில் நூருத்தீன் ஸன்கீ டமஸ்கஸில் நிறுவிய மருத்துவமனை அது. அதன் மருத்துவர் அபுல் மஜ்த் இப்னு அபில் ஹகம் நோயாளிகளை ஒவ்வொருவராகப் பார்வையிடுவார்; பணியாளர் உடன் செல்வர்; அவர் எழுதும் மருந்தும் உணவும் தாமதமின்றி வழங்கப்படும். பின்னர் கோட்டைக்குச் சென்று அங்குள்ள நோயாளிகளைக் கவனித்துத் திரும்பி, மருத்துவமனையின் பெருமண்டபத்தில் அமர்வார். நூருத்தீன் வக்ஃபு செய்த மருத்துவ நூல்கள் அம்மண்டபத்திலேயே இரு பேழைகளில் இருந்தன. மருத்துவர்களும் மாணவர்களும் அவர் முன் கூடுவர். மூன்று மணி நேரம் வாசிப்பும் விவாதமும் நடைபெறும். அதன் பின்னரே அவர் வீடு திரும்புவார்.