கசப்புக்கு ஓர் அளவுகோல்

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் திரவமானியை நீரில் மிதக்கவிட்டு ஒப்படர்த்தி கண்டிருப்பீர்கள். மதிப்பெண்ணுக்காக நாம் செய்யும் அந்தச் சோதனையை, 18ஆம் நூற்றாண்டில் ஓர் இளைஞர் தம் தந்தைக்குத் தெரியாமல் செய்யவேண்டியிருந்தது!

இங்கிலாந்தின் ஆல்ட்டன் என்னும் ஊரில் பீர் வடிக்கும் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் பேவர்ஸ்டாக்தான் அவர். முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை (இதுவே மால்ட்) வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும் சாறு எவ்வளவு செறிவானது என்பதை அக்காலத்தார் நாக்காலும் அனுபவத்தாலுமே மதிப்பிட்டனர். 1770ஐ ஒட்டிய ஆண்டுகளில் பேவர்ஸ்டாக் அந்தச் சாற்றில் திரவமானியை இறக்கினார். லண்டனின் பெரிய ஆலையதிபர் சாமுவேல் விட்பிரெட்டோ, இதெல்லாம் வீண் கனவு என்று அவரைத் திருப்பியனுப்பிவிட்டார். ஆனால் 1784இல் ஹல் நகரத்து ஜான் ரிச்சர்ட்சன் இக்கருவியின் பயன் பற்றி நூலே வெளியிட்டார். ஈஸ்ட் தின்னத் தின்னச் சர்க்கரை குறைந்து ஆல்கஹால் பெருகும். ஆகவே தொடக்க ஒப்படர்த்தி தெரிந்தால் பீரின் வலிமையை முன்கூட்டியே கணிக்கலாம்.

இனிப்பு எண்ணுக்குள் வந்துவிட்டது. கசப்பு?

அது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவிலிருந்து வருவது. பூவை எடைபோடலாம், ஆனால் ஒரே எடையுள்ள பூ எல்லா ஆண்டும் ஒரே கசப்பைத் தருவதில்லை. அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிக்கும்போது அமைப்பு மாறிய பிறகே கசப்பேறிக் கரைகின்றன. 1950களில்தான் இந்தப் பொருளை அளக்க வழி பிறந்தது. பீரிலிருந்து அதைப் பிரித்து, 275 நானோமீட்டர் புறஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்தார்கள். லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம் இருந்தால் ஓர் அலகு. திரவமானிக்கும் இதற்கும் இடையே ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள்!

1963இல் பிரிட்டனில் வீட்டில் பீர் வடிக்க உரிமம் தேவையில்லை என்றாயிற்று. அமெரிக்காவில் 1978இல் அதற்குச் சட்டம் வழிவிட்டது. வீட்டில் வடிப்போருக்காக ரே டேனியல்ஸ் 1996இல் எழுதிய நூலில் இரண்டு எண்களும் ஒரே பின்னமாயின. ஒப்படர்த்தி 1.050 என்றால் 50 என்று கொள்க. கசப்பு 25 அலகு என்றால் விகிதம் 0.5, 40 என்றால் 0.8, நல்ல கசப்பு.

இனி ஒரு கேள்வி. 1.050 பீரை 1.100 ஆக வலுப்படுத்தவேண்டும். சுவைச் சமநிலை மாறக்கூடாது. ஹாப்ஸை இரட்டிப்பாக்கினால் போதுமா? போதாது. சாறு செறிவாக ஆக, கசப்பு சேர்வது குறைகிறது. கிளென் டின்செத் என்பவரின் சூத்திரப்படி, அதே ஹாப்ஸ் இந்தச் சாற்றில் ஏறத்தாழ 64 விழுக்காடு கசப்பையே தரும். இரண்டை 0.64ஆல் வகுத்துப் பாருங்கள்: மூன்று மடங்குக்கு மேல் வேண்டும்!

கருக வறுத்த மால்ட்டின் கசப்பு மட்டும் இந்த விகிதத்தில் சேர்வதில்லை. அதைப் பேவர்ஸ்டாக்கின் தந்தை செய்ததுபோல நாக்கில் வைத்துத்தான் பார்க்கவேண்டும்.