வேலிக்கருவைக்கு ஒரு கெடு

2017 பிப்ரவரியில் ஆனைக்குட்டத்தில் தண்டோரா போட்டார்கள். பட்டா நிலத்தில் இருக்கிற சீமைக் கருவேலத்தை 15 நாளில் வெட்டணும், வெட்டலைன்னா அரசே வெட்டி, செலவை நிலத்துக்காரரிடம் வசூலிக்கும். பெரியப்பாவுக்கு மூணு ஏக்கர் மானாவாரி. அதில் விளைந்தது வேலிக்கருவை மட்டும்தான். மூணு வருஷத்துக்கு ஒருதரம் கரிமூட்டக்காரருக்கு மொத்தமாகப் பேசி விடுவார். அக்காவின் காலேஜ் ஃபீஸ் அந்தப் புகையிலிருந்து வந்தது.

உத்தரவு வைகோ தொடர்ந்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை போட்டது. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்பது முக்கியமான புகார். அர்ச்சுனா நதிப் படுகையில் தண்ணீரைவிட வேலிமரத்தை அதிகம் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தப் புகாரைச் சும்மா தள்ளிவிட முடியாது.

இதைக் காமராஜர்தான் ஹெலிகாப்டரில் தூவினார் என்று எங்கள் பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள். விருதுநகர்க்காரனாக நானும் கொஞ்ச நாள் நம்பினேன். ஆனால் அவர் முதல்வரானது 1954இல். அதற்கு 77 வருஷம் முன்பே மரம் வந்துவிட்டது. சென்னை மாகாண வன அதிகாரி பெட்டோம், வறண்ட நிலத்துக்கு ஆகும் என்று 1876இல் விதை கேட்டு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதையை 1877இல் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் ஊன்றினார்கள். தாது வருஷப் பஞ்சம் உச்சத்தில் இருந்த நேரம். ரயில் எஞ்சினும் விறகு தின்றுகொண்டிருந்தது. விறகுக்காக அரசு கொண்டுவந்த மரத்தை, வைத்திருந்தால் குற்றம் என்கிற இடத்துக்கு வர 140 வருஷம் ஆனது.

தனியார் மரத்தில் அரசு கைவைப்பது புதுசு இல்லை. 1949இல் தனியார் காடுகள் சட்டம், 1955இல் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம். ஊட்டிக்காரர் தன் தோட்டத்து மரத்தை வெட்ட அனுமதி கேட்டு நிற்கணும். ரெண்டுமே 'வெட்டாதே' என்கிற சட்டம். 2017இல்தான் 'வெட்டு' என்று கெடு வந்தது.

ஊரே ஒரே சமயத்தில் வெட்டியதில் விறகு விலை படுத்துவிட்டது. பெரியப்பா பாதி விலைக்குக் காட்டை விட்டார். ஏப்ரல் கடைசியில் சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. சூழலுக்கு என்ன ஆகும் என்று ஆராயாமல் வெட்டக் கூடாது என்பது எதிர்த் தரப்பின் வாதம். நியாயமான கேள்விதான், ஆனால் கெடு வைப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியது. செய்தியைப் படித்துக் காட்டினேன். "அப்ப எம்மரத்த ஒட்ட வச்சுக் குடுப்பாகளா?" என்றார்.

2021இல் வேளாண் பட்ஜெட்டில் இன்னொரு அறிவிப்பு: பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும். செங்கல் சூளைக்கு எத்தனை பனை போயிற்று என்று பார்த்தவன் என்பதால் எனக்கு அதில் சந்தோஷம்தான். பெரியப்பா வரப்பில் மூணு பனை நிற்கிறது.

"இத வெட்டச் சொல்லுவாகளா, விடச் சொல்லுவாகளா?"

"விடணும் பெரியப்பா."

"எழுதிக் குடுத்துருக்காகளா?"

வேலிக்கருவையைத் தூரோடு எடுக்காமல் வெட்டினால் அடிக்கட்டை அடுத்த மழைக்கே துளிர்க்கும். தூர் தோண்ட ஜேசிபிக்கு அவரிடம் காசு இல்லை. 2020இல் அதே நிலத்தில் மறுபடி மூட்டம் போட்டார்கள்.