வண்ண ரிவர்சல் படச்சுருளில் புஷ், புல்: கருப்புக்கும் வெள்ளைக்கும் நேரும் இழப்பு

ஒளி குறைவாகப் பட்ட படச்சுருளைக் கூடுதல் நேரம் டெவலப் செய்வது புஷ். ஒளி மிகுந்துவிட்டதைக் குறைந்த நேரத்தில் முடிப்பது புல். இரண்டையும் படச்சுருளின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வழிகளாகவே பேசுகிறோம். நெகட்டிவை மனத்தில் வைத்துப் பழகிய இந்தப் பேச்சு ரிவர்சலில் ஓர் உண்மையை மறைக்கிறது. ரிவர்சலில் புஷ் கருப்பைக் கெடுக்கும், புல் வெள்ளையைக் கெடுக்கும். எதைத் தாங்கலாம் என்பது காட்சியையும் அது ஓடவிருக்கும் திரையையும் பொறுத்தது என்பதே என் வாதம்.

ரிவர்சல் சுருளைக் கழுவும் இ-6 முறையில் முதல் டெவலப்பர் கருப்பு-வெள்ளை டெவலப்பர்தான். ஒளி பட்ட வெள்ளி ஹாலைடை அது வெள்ளியாக்கிவிடும். எஞ்சிய ஹாலைடு கலர் டெவலப்பரில் சாயத்தைத் தரும். வெள்ளியெல்லாம் பிளீச்சிலும் பிக்சரிலும் நீங்கிவிடும். ஆக, நாம் காணும் படம் மிச்சத்தில் பிறந்தது. 38 டிகிரி செல்சியஸில் முதல் டெவலப்பருக்கு வழக்கமான நேரம் 6 நிமிடம். ஒரு ஸ்டாப் புஷ்ஷுக்குச் சுமார் 8, இரண்டு ஸ்டாப்புக்குச் சுமார் 11½, ஒரு ஸ்டாப் புல்லுக்குச் சுமார் 4. கலர் டெவலப்பரின் நேரம் மாறாது.

நேரம் கூடினால் இடைத்தொனிகள் வெளிச்சமாகும். அதற்காகத்தான் புஷ் செய்கிறோம். கூடவே, ஒளியே படாத இடத்திலும் சிறிது ஹாலைடு வெள்ளியாகிவிடுகிறது. நெகட்டிவில் இந்தப் புகைமூட்டம் அடித்தளத்தில் ஏறும். பிரிண்ட் போடும்போது பெருமளவு சமாளிக்கலாம். ரிவர்சலில் அது கருப்பிலிருந்தே கழியும். புஷ் செய்த சுருளின் ஓரத்தை, துளைகளுக்கு நடுவே ஒளி புகாத பகுதியை, லைட் பாக்ஸில் வைத்துப் பாருங்கள்: மையாக இருக்க வேண்டிய ஓரம் வெளுத்து, ஏதோ ஒரு நிறம் தட்டியிருக்கும். மூன்று எமல்ஷன் அடுக்குகளும் ஒரே அளவில் வெளுக்காததன் விளைவு அது. புல்லில் நேர்மாறு: பளிச்சிடும் இடங்களில் ஹாலைடு முழுதும் தீராமல் சாயம் தங்கி, வெள்ளை அழுக்கேறும்.

தொலைக்காட்சிச் செய்திக்கான எக்டாக்ரோம் 7240ஐ, 125 என்ற அதன் வேகத்திலிருந்து இரண்டு ஸ்டாப் புஷ் செய்து 500இல் எடுக்க முடிந்ததே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் படச்சுருளைத் தொலைக்காட்சிக்கு மாற்றும் டெலிசினியில் கருப்பின் மட்டத்தை மின்னணு முறையில் கீழிறக்க முடிந்தது. இருட்டரங்கில் புரொஜெக்டரில் ஓடும் ஒரிஜினலுக்கு அந்தக் கைகொடுப்பு இல்லை. போதாததற்கு, 16 மி.மீ. 400 அடிச் சுருளில் நொடிக்கு 24 பிரேம் வீதம் சுமார் 11 நிமிடக் காட்சி இருக்கும். அதிலுள்ள ஷாட்டுகள் அனைத்துக்கும் டெவலப்பரில் ஒரே நேரம்தான். ஒரு சுருளில் புஷ் செய்த ஷாட்டையும் இன்னொரு சுருளில் செய்யாததையும் அடுத்தடுத்து ஒட்டினால் வெட்டுக்கு வெட்டு கருப்பு மாறும்.

இங்கேதான் சிக்கல் முழுதாகத் தெரிகிறது. புஷ் செய்யத் தோன்றுவது பெரும்பாலும் இரவுக் காட்சிக்கு. அதில் பிரேமின் பெரும்பகுதி கருப்பு. தேவை மிகுந்த இடத்தில்தான் சேதமும் மிகுதி. மேகம் மூடிய காலையோ பனி படர்ந்த வெளியோ ஒரு ஸ்டாப் புஷ்ஷை எளிதில் தாங்கும். 2018இல் எக்டாக்ரோம் 7294 திரைப்படச் சுருளாக வந்தபின், புஷ் செய்வதா வேண்டாமா என்ற முடிவு மறுபடியும் நம் கையில். லேபில் சோதனைத் துண்டு ஓட்டும்போது முகத்தின் தொனி சரியா என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், முதலில் சுருளின் ஓரத்தைப் பார்க்க வேண்டும்.