பத்து வெள்ளியும் ஒரு தோட்டமும்: நம்மிடம் இருந்ததைக் கொண்டு நம் முன்னோர் கட்டியவை



தமிழ்ப்பள்ளி மேம்பாடு குறித்தோ சமுதாய முன்னேற்றம் குறித்தோ நாம் கூடிப் பேசும்போதெல்லாம், பேச்சு விரைவிலேயே ஒரு கேள்வியில் வந்து நிற்பதைக் காண்கிறோம். ‘மானியம் கிடைக்குமா?’ என்பதே அக்கேள்வி. அரசாங்கத்திடம் உரிமையுடன் கேட்பதில் தவறேதும் இல்லை. வரி செலுத்தும் குடிமக்கள் கேட்கத்தான் வேண்டும். ஆனால், கேட்பது ஒன்றே வழி என்று எண்ணிவிடும்போது, இந்நாட்டில் நம் முன்னோர் நடந்துவந்த மற்றொரு வழி மறந்துபோகிறது. எழுதப் படிக்க அதிகம் அறியாத தோட்டத் தொழிலாளர்கள், தங்களிடம் ஏற்கெனவே இருந்த பழக்கங்களையே மூலதனமாக்கி எழுப்பிய நிறுவனங்களின் வரலாறு அது. அவ்வரலாற்றை நாமும் நினைவுகூர்ந்து, நம் மாணவர்களுக்கும் எடுத்துரைக்க வேண்டும் என்ற நோக்கத்தில் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

லயத்து வீடுகளில் இருந்த நிதி மரபுகள்

தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களிடம் வங்கிக் கணக்கு இல்லை, நிலமும் இல்லை, குடியிருந்த வீடுகூட நிர்வாகத்திற்குச் சொந்தமானது. ஆயினும், பணத்தை ஒன்றுசேர்க்கும் முறைகள் அவர்களிடம் பல இருந்தன.

முதலாவது, கோயில் பணம். சம்பள நாளன்று மாரியம்மன் கோயிலுக்கென ஒரு சிறு தொகையை எடுத்து வைப்பது பல தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. திருவிழாக் காலத்தில் ஒவ்வொரு குழுவினரும் ஒவ்வொரு நாள் உபயத்தை ஏற்றுக்கொண்டனர்.

இரண்டாவது, மொய். திருமண வீட்டில் வாயிலருகே ஒருவர் அமர்ந்து, இன்னார் இவ்வளவு என்று நோட்டில் எழுதுவார். அந்நோட்டு வெறும் அன்பளிப்புப் பட்டியல் அன்று. நாளை அவர் வீட்டுத் திருமணத்தில் நாம் திருப்பிச் செலுத்த வேண்டிய கடமையின் கணக்கு அது. வட்டியில்லாக் கடன் முறை ஒன்று உறவின் பெயரால் நடந்துவந்தது என்றே கூறலாம்.

மூன்றாவது, கூட்டு. பத்துப் பதினைந்து பேர் மாதந்தோறும் ஒரே அளவு பணம் போட்டு, மொத்தத் தொகையை முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்ளும் இம்முறையை அறியாதவர் நம்மில் எவரும் இலர். இந்தத் தமிழ்ச் சொல் மலாய் மொழியிலும் ‘கூத்து’ எனக் குடிபுகுந்தது. 1971ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இம்முறையைத் தடைசெய்து சட்டம் இயற்றியபோது, அச்சட்டத்தின் தலைப்பிலேயே ‘கூட்டு’ என்ற சொல் இடம்பெற்றது. ஒரு வழக்கம் எவ்வளவு பரவியிருந்தால் சட்டமே அதன் பெயரைத் தாங்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். கூட்டுப் பிடித்தவர் பணத்துடன் ஓடிவிடும் ஏமாற்றுகள் நிகழ்ந்தமையே தடைக்கு அடிப்படை. மரபில் நன்மையும் இருந்தது, ஓட்டையும் இருந்தது. இதனை நாம் மறைக்கத் தேவையில்லை.

இவற்றோடு, கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கங்களும் தோன்றின. 1922ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சட்டம் நடப்புக்கு வந்தபின், அரசு ஊழியர்களிடையே தொடங்கிய இவ்வியக்கம் தோட்டத் தொழிலாளர்களையும் எட்டியது. போருக்குப் பின் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியது. உழைத்த கூலி குடும்பத்திற்கே சேர வேண்டும் என்ற உணர்வு, வெளியிலிருந்து எவரும் வந்து புகட்டியதன்று, தோட்டத்திற்குள்ளிருந்தே பிறந்தது.

சிறு தொகைகள் தமிழுக்குச் செய்த தொண்டு

இச்சிறு தொகைகளின் பழக்கம், தோட்ட எல்லையைத் தாண்டிப் பெரும்பணி செய்த முதற் சான்றுகளுள் ஒன்று ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியாகும். அக்காலத்தில் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்த வேளையில், அதில் முதன்மை பெற வேண்டிய மொழி தமிழா சமஸ்கிருதமா என்ற விவாதம் எழுந்தது. இந்நாட்டு இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர் என்பதை எடுத்துக்காட்டி, தமிழே முதன்மை பெற வேண்டுமென வாதிட்டவர் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள். அவர் வாதத்தோடு நின்றுவிடவில்லை. தம் இதழின் வழியே நிதி திரட்டினார். செல்வந்தர்களை மட்டும் நம்பாமல், சாதாரணத் தொழிலாளர்களிடமும் சிறு தொகையைக் கேட்டார். 1956இல் துறை தொடங்கியது. 1959இல் கோலாலம்பூருக்கு இடம் மாறியது. அங்குப் பயின்றவர்கள் பலர் பின்னாளில் ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் ஆய்வாளர்களாகவும் விளங்கினர். இன்று பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும், பெயரறியாத பால்மரத் தொழிலாளர்களுக்கும் துறைமுகத் தொழிலாளர்களுக்கும் கடன்பட்டவரே.

தோட்டத் துண்டாடல் என்னும் பேரிடி

மலாயா விடுதலையை நோக்கிச் சென்ற காலத்தில், ஆங்கிலேய உரிமையாளர்கள் பலர் தங்கள் இரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுச் செல்லத் தலைப்பட்டனர். வாங்கியவர்களில் பலர் தோட்டத்தை நடத்த வாங்கவில்லை. சிறு சிறு துண்டுகளாக்கி இலாபத்திற்கு விற்கவே வாங்கினர். இதனையே நம் மூத்தோர் ‘தோட்டத் துண்டாடல்’ என்றனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து அறிக்கை வெளியிடும் அளவிற்கு இது நாட்டுப் பிரச்சினையாக உருவெடுத்தது.

தோட்டம் துண்டானால் தொழிலாளிக்கு என்ன ஆகும்? வேலை போகும், வேலையோடு வீடும் போகும், ஏனெனில் வீடு தோட்டத்தினுடையது. பிள்ளை படித்த பள்ளியும் தோட்ட நிலத்திலேயே நின்றது. கோயிலும் மருந்தகமும் அவ்வாறே. ஒரே கையெழுத்தில் ஒரு சிற்றூரே கலைந்துபோகும். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பது நாம் அடிக்கடி கேட்கும் கணக்கு. இன்று அந்த எண்ணிக்கை 530க்கு உட்பட்டதாகக் குறைந்துள்ளது. இக்குறைவுக்குப் பள்ளிகள் இணைக்கப்பட்டமையும் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தமையும் காரணங்களே. ஆயினும், நிலம் நம் கையில் இல்லாமற் போனதே அடிப்படைக் காரணங்களுள் ஒன்று என்பதை மறுக்க இயலாது.

பத்து வெள்ளித் திட்டம்

இந்நிலையில்தான் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் ஓர் எளிய விடையை முன்வைத்தார். சுங்கை சிப்புட்டில் 1919ஆம் ஆண்டில் பிறந்த அவர், 1955 முதல் 1973 வரை ம.இ.கா.வின் தேசியத் தலைவராக விளங்கியவர். விடுதலைக்கான பேச்சுவார்த்தைகளில் இந்தியர்களைப் பிரதிநிதித்தவர். தோட்டங்கள் விற்கப்படுகின்றன என்றால், அவற்றைத் தொழிலாளர்களே ஏன் வாங்கக் கூடாது என்பது அவர் கேள்வி. அதற்கெனத் தோன்றியதே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். ஆண்டு 1960.

திட்டம் இதுதான்: தொழிலாளி ஒவ்வொருவரும் மாதம் 10 வெள்ளி செலுத்திப் பங்கு சேர்க்க வேண்டும். சேர்ந்த பணத்தைக் கொண்டு, விலைக்கு வரும் தோட்டத்தைத் துண்டாடாமல் முழுமையாக வாங்க வேண்டும். அன்றைய கூலியில் 10 வெள்ளி என்பது சில நாள் உழைப்பின் ஊதியம். ஐந்தாறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அத்தொகையை எடுத்து வைப்பது எளிதன்று. எனினும் மக்கள் சேர்ந்தனர். சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் நேரில் பேசினார். 1961இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதற் சொத்தாயிற்று. அதன்பின் பல மாநிலங்களில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அமைச்சுப் பொறுப்புகளிலிருந்து விலகிய பின்னரும், 1979இல் மறையும் வரை, சம்பந்தன் அவர்களின் பெயர் இச்சங்கத்தோடு பிரிக்க முடியாதபடி இணைந்திருந்தது. பிற்காலத்தில் இச்சங்கம் தமிழ் இலக்கியப் போட்டிகளுக்கும் துணைநின்றது.

மக்கள் ஏன் நம்பிக் கொடுத்தனர்? தலைவர் மீதிருந்த மதிப்பு ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம், கேட்கப்பட்ட முறை அவர்களுக்குப் பழகிய முறையாக இருந்தமையே என்று நான் கருதுகிறேன். மாதந்தோறும் சிறு தொகை எடுத்து வைப்பது கோயில் பணத்தில் பழகியது. பலர் போட்டால் பெருந்தொகையாகும் என்பது கூட்டில் கண்டது. எழுதி வைத்த கணக்கு நாளை நமக்கே திரும்பும் என்பது மொய் நோட்டில் கற்றது. சங்கம் புதிது, அதன் உறுப்புகள் பழையவை.

உபயமும் பங்கும்

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். உபயம் செய்தவரின் பெயர் சுவரில் இருக்கும், குழல்விளக்கிலும் இருக்கும். ஆனால், கோயில் நிர்வாகம் எவ்வாறு நடக்க வேண்டும் என்று கேட்க அவருக்கு அதனால் உரிமை வந்துவிடாது. கூட்டுறவில் பங்கு வைத்திருப்பவரின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. ஆனால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து ‘இந்தக் கணக்கை விளக்குங்கள்’ என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதே கூட்டுறவின் விதி. கொடுப்பவராக மட்டும் இருந்த தொழிலாளி உரிமையாளராகவும் ஆனார் என்பதே பத்து வெள்ளித் திட்டத்தின் உண்மையான சாதனை.

பிற சமூகங்களும் தத்தம் மரபிலிருந்தே இவ்வாறு நிறுவனங்களை எழுப்பின. ஹஜ் பயணத்திற்காகக் கிராமத்து மலாய்க்காரர்கள் வீட்டில் பணம் மறைத்து வைப்பதும், நிலத்தை விற்பதும் வழக்கமாக இருந்தது. அச்சேமிப்பைப் பயனுள்ள முதலீடாக்கலாம் என்று 1959இல் திட்டம் வரைந்தவர் மேலே குறிப்பிட்ட அதே உங்கு அசிஸ் அவர்கள். அதன் விளைவாக 1963இல் செயற்படத் தொடங்கிய நிறுவனமே இன்றைய தாபோங் ஹாஜி. 1950களில் சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக்கழகம் எழுந்தபோது, பெருஞ்செல்வர்களோடு சீன ரிக்‌ஷா ஓட்டுநர்களும் தம் நாள் வருமானத்தை அளித்தனர். ஒவ்வொரு சமூகமும் தன் வீட்டுப் பழக்கத்தையே முதலாக்கியது.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

வரலாற்றைப் போற்றும்போது அதன் குறைகளையும் கூறுவதே நேர்மை. துண்டாடப்பட்ட தோட்டங்கள் அனைத்தையும் கூட்டுறவால் காப்பாற்ற இயலவில்லை. சங்கத்தின் தோட்டத்திலும் தொழிலாளி தொழிலாளியாகவே மரம் வெட்டினார். உரிமை பங்கேட்டில் இருந்தது, அன்றாட வாழ்வில் மாற்றம் மெதுவாகவே வந்தது. 1969இல் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதி முறை வந்தபோது, இந்நாட்டில் உழைத்துக் களைத்த பலர் தமிழகம் திரும்ப நேர்ந்தது. அதனைத் தடுக்க எந்தச் சேமிப்பாலும் முடியவில்லை. சட்டமும் அரசியலும் செய்ய வேண்டியதைச் சிக்கனம் செய்துவிடாது.

மேலும், கூட்டுறவு என்ற பெயரே பாதுகாப்பாகிவிடாது. 1986இல் பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற்ற 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகளைப் பேங்க் நெகாரா முடக்கியது. பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. கணக்குக் கேட்பதை அவமரியாதை என்று உறுப்பினர்கள் எண்ணத் தொடங்கும் இடத்தில்தான் இத்தகைய வீழ்ச்சிகளுக்கு வழி பிறக்கிறது.

நம் பள்ளிகளுக்கு இதில் என்ன உண்டு?

பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகளின் நிலை நாம் அறிந்ததே. நிலம் அரசுக்குச் சொந்தமாக இல்லாத காரணத்தால், கட்டடத்திற்கும் பராமரிப்புக்கும் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஓடியாட வேண்டியுள்ளது. விருந்து வைத்தும் நன்கொடைச் சீட்டு விற்றும் ஆண்டுக்கொரு முறை திரட்டும் பணம், அவ்வாண்டோடு தீர்ந்துபோகிறது. நம் தாத்தா பாட்டியர் செய்தது வேறு. அவர்கள் சிறிதாகக் கொடுத்தனர். ஆனால் மாதந்தோறும் கொடுத்தனர். ஒரு பள்ளியின் பெற்றோர்கள் தத்தம் சக்திக்கேற்ற சிறு தொகையை விருப்பத்தின்பேரில் மாதந்தோறும் அளித்து, வரவு செலவை ஒவ்வொரு தவணையும் எல்லோரும் காணும்படி ஒட்டிவைத்தால் என்ன? கொடுக்க இயலாதவர் ஒரு நாள் உழைப்பைத் தரலாம். அதுவும் கணக்கில் ஏறட்டும். எந்தப் பிள்ளையும் பெற்றோரின் தொகையால் அளக்கப்படக் கூடாது என்பது மட்டும் உறுதியாக இருக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வட்டாரத்துக் கோயில், மண்டபம், வாசகசாலை, பள்ளிக் கட்டடம் ஆகியவை எவ்வாறு எழுந்தன என்று மாணவர்களை விசாரித்து எழுதச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவரிடம் பழைய பங்குச் சான்றிதழ் இருக்கிறதா, மொய் நோட்டு இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். அலமாரியின் அடியில் மஞ்சள் நிறமேறிக் கிடக்கும் அத்தாள்கள் நம் சமுதாயத்தின் வரலாற்று ஆவணங்கள். பாட்டி உயிருடன் இருக்கும்போதே அதனைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அவர் சென்ற பின் அத்தாள் வெறும் தாளாகிவிடும்.

கணிதப் பாடத்திற்கும் இது பொருந்தும். மாதம் 10 வெள்ளி, ஆயிரம் பேர், ஓர் ஆண்டு என்று பெருக்கச் சொன்னால் 120,000 வெள்ளி என்று நான்காம் ஆண்டு மாணவரும் விடை கூறுவார். அந்த விடைக்குப் பின்னால் உள்ள மனிதர்களைக் கூறுவது நம் பொறுப்பு.

கைநீட்டிப் பெறும் சமுதாயம் என்று நம்மை நாமே குறைத்துப் பேசும் வழக்கம் நம்மிடையே உண்டு. நம் வரலாறு அதற்குச் சான்று பகரவில்லை. லயத்தில் பிறந்து, வாடகை வீட்டில் வளரும் இன்றைய பிள்ளைகளுக்கு, தன் கொள்ளுப்பாட்டி ஒரு தோட்டத்தின் பங்குதாரராக இருந்தார் என்று தெரிய வரும்போது அவர்களின் நிமிர்வு வேறாக இருக்கும். அந்த நிமிர்வை அளிக்கும் கடமை பள்ளிக்கும் வீட்டிற்கும் உண்டு.

சிந்திப்போம், கணக்கோடு செயற்படுவோம்.