டீசல் பிக்கப் வண்டிகளும் டிரெய்லர் இழுவையும்

டீசல் பிக்கப் வண்டிகளைக் கொண்டு டிரெய்லர் இழுக்கும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1980களில் வலுப்பெற்றது. கால்நடை, குதிரை, படகு, பண்ணை இயந்திரம் ஆகியவற்றை ஏற்றிய டிரெய்லரை இழுக்க, குறைந்த சுழற்சி வேகத்திலேயே மிகுந்த முறுக்கு விசை தேவை. டீசல் எஞ்சினின் இயல்பு இதற்குப் பொருந்தியது.

வரலாறு

ஜெனரல் மோட்டார்ஸ் 1982 மாடலில் 6.2 லிட்டர் எஞ்சினையும், ஃபோர்டு 1983 மாடலில் 6.9 லிட்டர் எஞ்சினையும் பொருத்தின. இவற்றில் டர்போசார்ஜர் இல்லை. 1989 மாடல் டாட்ஜ் ராம் வண்டியில் கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ டீசல் எஞ்சின் இடம்பெற்றது. அதன் திறன் 160 குதிரைத்திறன். முறுக்கு விசை சுமார் 542 நியூட்டன் மீட்டர்.

மாற்றியமைத்தல்

1994 மாடலில் வந்த பாஷ் பி7100 எரிபொருள் பம்ப், உரிமையாளர்களே திறனைக் கூட்டிக்கொள்ள வழி செய்தது. ஆனால் எரிபொருளுக்கு ஈடாகக் காற்று கிடைக்காவிட்டால் புகைபோக்கி வெப்பம் ஏறும். சுமையுடன் நீண்ட மேட்டில் ஏறும்போது பிஸ்டனே உருகக்கூடும். தானியங்கி கியர் பெட்டியும் கூடுதல் விசையைத் தாங்காமல் பழுதாகும். எனவே பலர் வெப்பமானி, பெரிய டர்போ ஆகியவற்றையும் சேர்த்துப் பொருத்தினர்.

சட்டச் சிக்கல்

2007 மாடல்கள் முதல் புகைத்துகள் வடிகட்டிகள் பரவலாயின. திறனுக்காக இவற்றை அகற்றுவது தூய காற்றுச் சட்டப்படி குற்றம். முந்தைய பத்தாண்டில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அகற்றப்பட்டதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் மதிப்பிட்டது.