முகக்கவசம் கேட்ட கோல்கீப்பர்: ஜாக் பிளான்ட்டும் ஒரு வேலையின் மாற்றமும்

ஐஸ் ஹாக்கியில் அடிபடும் வட்டு, மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலத் தடிப்பும் உள்ள கெட்டி ரப்பர். பனித்தரையில் துள்ளக்கூடாது என்பதற்காக ஆட்டத்துக்கு முன்பே அதை உறைய வைத்துவிடுவார்கள். 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆட்டம் தொடங்கிய மூன்றாம் நிமிடம், ரேஞ்சர்ஸ் வீரர் ஆண்டி பாத்கேட் அடித்த வட்டு மாண்ட்ரியல் கனடியன்ஸ் அணியின் கோல்கீப்பர் ஜாக் பிளான்ட்டின் முகத்தைக் கிழித்தது. உள்ளே போய்த் தையல் போட்டுக்கொண்டவர், பயிற்சியில் அணிந்துவந்த முகக்கவசம் இல்லாமல் களத்துக்குத் திரும்ப முடியாது என்று சொல்லிவிட்டார்.

கோல்கீப்பர் முகக்கவசத்தின் வரலாறு அன்றிரவு தொடங்கியதாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அது முழு உண்மை அல்ல. கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழக மாணவி எலிசபெத் கிரஹாம் 1927இலேயே வாள்வீச்சுக்கான கம்பிவலைக் கவசம் அணிந்து கோல் காத்தார். 1930இல் மாண்ட்ரியல் மரூன்ஸ் அணியின் கிளின்ட் பெனடிக்ட் மூக்கு உடைந்ததால் தோல் கவசம் அணிந்தார். பார்வையை மறைத்ததால் சில ஆட்டங்களிலேயே அதைக் கைவிட்டார். ஆக, கவசம் என்ற யோசனை முப்பது ஆண்டுகளாகக் கையருகிலேயே கிடந்தது. அதை மறுக்கும் முதலாளிக்கும் பயிற்சியாளருக்கும் எதிராக நின்று கேட்கக்கூடிய ஆள்தான் இல்லை. பிளான்ட் எப்படி அந்த ஆளானார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1929இல் கியூபெக் மாகாணத்தில் பிறந்த அவர், பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். வளர்ந்தது ஷாவினிகன் ஃபால்ஸ் என்ற ஆலை நகரத்தில். ஆஸ்துமா இருந்ததால் நெடுநேரம் சறுக்கி ஓட முடியாது. அதனால் கோலுக்கு முன்னால் நின்றார். வீட்டில் காசில்லை. முதல் மட்டையை அப்பாதான் மரவேரில் செதுக்கிக் கொடுத்தார். தலைக்குல்லாய்களைத் தாமே பின்னிக்கொள்ள அம்மாவிடம் கற்றார். அப்பாவின் ஆலை அணிக்கு ஆடியபோது, மற்றவர்களெல்லாம் அங்கே சம்பளக்காரர்கள் என்பது தெரிந்ததும் தமக்கும் கூலி வேண்டும் என்று நேராகப் போய்க் கேட்டார். ஓர் ஆட்டத்துக்கு ஐம்பது சென்ட் கிடைத்தது, வெளியே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு. அவருடைய பிற்கால வாழ்க்கையின் விதையை நான் இந்த ஐம்பது சென்ட்டில்தான் பார்க்கிறேன். தம் உழைப்புக்கு என்ன விலை என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

பின்னர் ஆடிய கியூபெக் சிட்டாடெல்ஸ் அணியில் தற்காப்பு வீரர்கள் சோடையாக ஆடியதால், கோலை விட்டு வெளியே வந்து வட்டைத் தாமே எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். கோல்கீப்பர் இடத்தை விட்டு நகர்வது அன்று அடங்காத்தனம். இன்று அது எல்லாக் கோல்கீப்பர்களுக்கும் கற்றுத்தரப்படும் பாடம்.

கன்ன எலும்பு முறிவும் மூக்கு முறிவும் பட்ட பின், 1956 முதல் பயிற்சியில் மட்டும் கவசம் அணிந்துவந்தார். அவர் அடிபட்டதைப் பார்த்த பில் பர்ச்மோர் என்ற கண்ணாடியிழை நிறுவன அலுவலர், முகத்துக்கு அச்சாகப் பொருந்தும் கவசம் செய்து தருவதாகக் கடிதம் எழுதினார். மருத்துவமனையில் பிளான்ட்டைப் படுக்கவைத்து முகத்தின் மேல் மாவுச்சாந்து பூசி அச்செடுத்தார்கள். அதில் வார்த்த கண்ணாடியிழைக் கவசம் தோல் நிறத்தில் இருந்தது; எடை சுமார் 400 கிராம்.

பயிற்சியாளர் டோ பிளேக்குக்கு அது பிடிக்கவில்லை. கவசம் போட்டால் காலடியில் கிடக்கும் வட்டு தெரியாது, விழிப்பும் மழுங்கும் என்பது அவர் கட்சி. ஆனால் அக்காலத்தில் அணிகள் மாற்றுக் கோல்கீப்பரைத் தயாராக வைத்திருப்பதில்லை. பிளான்ட் வராவிட்டால் அன்றிரவு நிற்க ஆளில்லை. அதற்குள் அவர் கோல்கீப்பர்களுக்கான வெசினா கோப்பையைத் தொடர்ந்து நான்கு முறை பெற்றிருந்தார். இந்த இரண்டும் சேர்ந்துதான் பிளேக்கைப் பணிய வைத்தன. காயம் ஆறியதும் கழற்றிவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். அந்த ஆட்டம் 3-1 என வெற்றி. தோல்வியே இல்லாத வரிசை 18 ஆட்டங்கள் வரை நீண்டது. 1960 மார்ச் 8 அன்று பிளேக் கேட்டுக்கொண்டதால் பிளான்ட் கவசமின்றி ஆடினார். டெட்ராய்ட் 3-0 என வென்றது. மறுநாள் கவசம் திரும்பிவந்தது. அப்பருவத்தில் மாண்ட்ரியல் லீக் வாகையருக்கான ஸ்டான்லி கோப்பையைத் தொடர்ந்து ஐந்தாவது முறையாக வென்றது.

கவசத்தால்தான் வென்றார்கள் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. கவசம் அணிந்தால் தோற்போம் என்ற வாதத்துக்கு மட்டும் அதன்பின் இடமில்லாமல் போயிற்று. ஆனாலும் பழக்கம் மெதுவாகத்தான் மாறியது. இந்த அணிகள் ஆடும் என்ஹெச்எல் லீக்கின் ஆட்டமொன்றில் கவசமின்றி நின்ற கடைசிக் கோல்கீப்பர், 1974இல் பிட்ஸ்பர்க் அணிக்கு ஆடிய ஆண்டி பிரவுன்.

பிளான்ட் 1962இல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பை பெற்றார், மறுஆண்டு நியூயார்க்குக்கு மாற்றப்பட்டார், 1965இல் ஓய்வுபெற்றார். 1968இல் செயின்ட் லூயிஸ் அணிக்குத் திரும்பிவந்து, நாற்பது வயதில் கிளென் ஹாலுடன் வெசினாவைப் பகிர்ந்தார். 1970 இறுதிச் சுற்றில் நெற்றியில் பட்ட அடியில் மயங்கி விழுந்தபோது, உயிர் தப்பியது கவசத்தால்தான் என்று அவரே சொன்னார்.

அவரை நான் அதிகம் மதிப்பது இன்னொரு மாலைக்காக. 1972 செப்டம்பர் 2, மாண்ட்ரியல். கனடாவின் தொழில்முறை வீரர்களும் சோவியத் அணியும் மோதும் தொடரின் முதல் ஆட்டம். சோவியத் கோலில் நிற்கவிருந்தவர் இருபது வயது விளாதிஸ்லாவ் திரெத்யாக். ஆட்டத்துக்கு முன் பிளான்ட் மொழிபெயர்ப்பாளருடன் சோவியத் அறைக்குள் போனார். கனடிய வீரர்கள் மகோவ்லிச், எஸ்போசிட்டோ, கூர்னுவாயே எங்கிருந்து எப்படி அடிப்பார்கள் என்று பலகையில் வரைந்து காட்டினார். ஏன் சொல்லித்தந்தார் என்று திரெத்யாக் பின்னாளில் வியந்து எழுதினார். பையன் அடிவாங்கப்போகிறான் என்ற இரக்கமாக இருந்திருக்கலாம். கோல் காப்பது உடல் தாங்கும் வேலை அல்ல, ஒருவர் இன்னொருவருக்குக் கற்றுத்தரக்கூடிய அறிவு என்று முப்பது ஆண்டுகள் நம்பியவருக்கு அதைத் தமக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. திரெத்யாக் கம்பிவலைக் கவசத்தை மாட்டிக்கொண்டு களமிறங்கினார். சோவியத் அணி 7-3 என்று வென்றது.