பிரைட்டனில் ஒரு மெனு கார்டு

சட்டம் படிக்க காந்தி பம்பாயில் கப்பல் ஏறியது 1888 செப்டம்பர் 4. பத்தொன்பது வயது ஆக இன்னும் ஒரு மாசம் இருந்தது. ஊரில் மனைவியும் கைக்குழந்தையும். மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடமாட்டேன் என்று அம்மாவுக்குச் செய்து கொடுத்த சத்தியம் வேறு.

இங்கிலாந்துக்குப் போன முதல் வருஷமே பிரைட்டன் என்ற கடற்கரை ஊருக்குப் போயிருக்கிறார். கூட யாரும் வந்ததாக எழுதவில்லை. 'சத்திய சோதனை'யில் இது சின்ன விஷயம்தான், பலரும் தாண்டிப் போய்விடுவோம். ஆனால் அந்த ஊரின் கதையோடு சேர்த்துப் படித்தால் இன்னொன்று பிடிபடுகிறது.

பிரைட்டன் லண்டனுக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டர். ஒரு காலத்தில் மீனவர் ஊர். 1750 வாக்கில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற டாக்டர், கடல் நீரில் குளித்தால், ஏன் அதைக் குடித்தாலே நோய் தீரும் என்று எழுதினார். பணக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் அங்கே ஒரு மாளிகை கட்டினார். 1815க்குப் பிறகு ஜான் நாஷ் அதை மாற்றிக் கட்டியபோது, வெளியே இந்திய பாணிக் குவிமாடங்கள் எழுந்தன. 1841-ல் லண்டனிலிருந்து ரயில் வந்தது. அப்புறம் நடுத்தர ஜனங்களும் கிளம்பிவிட்டார்கள்.

அந்த ஊருக்கு இந்தியர்களும் புதுசு இல்லை. பாட்னாவில் பிறந்த தீன் முகமது அங்கே நீராவிக் குளியலும் 'சம்பி' மசாஜும் நடத்தி, ராஜாவுக்கே வைத்தியம் பார்த்தார். 'ஷாம்பூ' என்ற சொல் இந்தச் சம்பியின் வழியில் வந்ததுதான். 1878-ல் பதினேழு வயது தாகூர் படிக்க வந்து தங்கியதும் பிரைட்டனில்தான். ஆனால் அவருக்கு அண்ணியும் அண்ணன் பிள்ளைகளும் அங்கேயே இருந்தார்கள்.

காந்திக்கு அப்படி யாரும் இல்லை. வெளியூர்க்காரர்களை நம்பிப் பிழைக்கும் ஊரில், நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க ஆளில்லை. அது ஒரு விதத்தில் நிம்மதி. கஷ்டம் சாப்பாட்டு மேசையில் வந்தது. ஓட்டல் மெனு முழுக்க பிரெஞ்சு. எதில் மாமிசம் இருக்கிறது, எதில் இல்லை என்று தெரியவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு, பரிமாறுபவரைக் கேட்கலாமா என்று யோசித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அதே மேசையில் இருந்த வயதான விதவைப் பெண்மணி ஒருவர் கவனித்துவிட்டார். அவரே மெனுவை விளக்கி, இவர் எதைச் சாப்பிடலாம் என்று காட்டிக் கொடுத்தார்.

நட்பு அதோடு நிற்கவில்லை. லண்டன் முகவரி கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பிட வரச் சொன்னார். கூச்சம் போகட்டும் என்று இளம்பெண்களோடு பேச வைத்தார். தன்னோடு தங்கியிருந்த ஒரு பெண்ணோடு இவரை அடிக்கடி தனியாகப் பேச விட்டார். ஆரம்பத்தில் நெளிந்தவர், போகப் போக ஞாயிற்றுக்கிழமை எப்போ வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தார்.

சிக்கல் என்னவென்றால், தனக்குக் கல்யாணமானதை காந்தி சொல்லவே இல்லை. அங்கே படிக்கிற பையன்கள் எல்லாம் பிரம்மச்சாரிகள். சின்ன வயசிலேயே கல்யாணமானதைச் சொல்ல இந்திய மாணவர்களுக்கு வெட்கம். சொன்னால் வீட்டுப் பெண்களோடு சகஜமாகப் பழக முடியாது என்பதும் ஒரு காரணம். காந்தியே இதை மழுப்பாமல் எழுதியிருக்கிறார்.

யாருக்கும் தெரியாத ஊரில் பாதி உண்மை போதும். கடற்கரையில் ஒரு வாரம் பழகிப் பிரிகிறவர்களிடம் முழுக்கதை எதற்கு? ஆனால் மெனுவை விளக்கிய பெண்மணி இப்போ அம்மா மாதிரி ஆகிவிட்டார். இவருக்குக் கல்யாணம் செய்து வைக்கும் எண்ணமும் அவருக்கு இருப்பதாகத் தெரிந்தது. இனி மூடி வைத்தால் ஏமாற்று. மூன்று பேர் மனசு இதில் மாட்டியிருக்கிறது. ஊரில் இருக்கும் கஸ்தூர்பாவையும் சேர்த்தால் நாலு.

காந்தி ஒரு கடிதம் எழுதினார். திரும்பத் திரும்பத் திருத்திய பிறகே அனுப்பினார். சிறு வயதிலேயே மணமானவன், ஒரு மகனும் உண்டு. அந்தப் பெண்ணிடம் வரம்பு மீறி நடக்கவில்லை. இனி வீட்டுக்கு வரத் தகுதியில்லை என்று நினைத்தால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இதுதான் சாரம்.

உடனே பதில் வந்தது. பெண்கள் இருவரும் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்களாம். அடுத்த ஞாயிறு கட்டாயம் வரவேண்டும், அந்தக் குழந்தைக் கல்யாணக் கதையைக் கேட்கவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு கல்யாணமானவன் என்று சொல்ல எங்கேயும் தயங்கியதில்லை என்கிறார் காந்தி.